கருப்பு வெள்ளை வரவேற்பு

யாருக்கும் தெரியாத மொழியைக் கற்றுக்கொள்வதில் ஒரு சௌகரியம் உண்டு. தப்பாகப் பேசினாலும் திருத்த ஆள் கிடையாது. தொண்ணூறுகளின் நடுவில் ஏற்காட்டிலேயே ஜப்பானிய மொழி தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். யாரும் மறுக்கவில்லை. மறுக்க வேண்டுமானால் அவர்களுக்கும் கொஞ்சம் ஜப்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டுமே.

கல்லூரி முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். அப்பா ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். கூலியாட்களின் வருகையைப் பதிவது, எத்தனை மூட்டை போனது என்று எழுதுவது எல்லாம் அவர் வேலை. சட்டைப் பையில் நீலப் பேனா ஒன்றும் சிவப்புப் பேனா ஒன்றும் எப்போதும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போதும் அவை இருக்கும். (கர்த்தருக்கு என்ன கணக்கு எழுதினாரோ!) மெட்ராஸிலிருந்து தபால் வழியில் ஜப்பானிய மொழி சொல்லித் தருகிறார்கள் என்று பத்திரிகையில் பார்த்துவிட்டு நான் அழுது அடம்பிடித்துச் சேர்ந்தேன். ஏன் ஜப்பான் என்று கேட்டால் இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. பிரெஞ்சு படிப்பவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள், அதுதான் காரணமாக இருக்கும்.

பாடத்தில் ஒரு கட்டளை உண்டு. தினமும் ஒரு பக்கம் அன்றாட வாழ்க்கையைப் பற்றி எழுத வேண்டும். அதுவும் எடுத்த எடுப்பில் விஷயத்துக்குப் போகக் கூடாதாம். முதலில் பருவத்தைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டுத்தான் மேலே போக வேண்டுமாம். ஏற்காட்டில் பருவத்தைப் பற்றி என்ன பெரிதாக எழுதிவிட முடியும்? "இன்று பனி. அப்பா திட்டினார்." "இன்றும் பனி. அப்பா திட்டவில்லை, பல் வலி." இப்படியே மாதக்கணக்கில் எழுதி அனுப்பினேன். திருத்துபவர் சலித்துப்போய், உங்கள் ஊரில் வெயிலே அடிக்காதா என்று ஓரத்தில் கேட்டிருந்தார்.

எழுதுவதோடு நின்றிருந்தால் யாருக்கும் சேதமில்லை. பாடப் புத்தகத்தில் ஜப்பானியப் பழக்கவழக்கங்கள் என்று தனியாக ஒரு பகுதி இருந்தது. வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டும் என்று அதைப் படித்துக் காட்டியபோது அப்பா, "இதச் சொல்லித் தர்றதுக்கு மெட்ராஸுல ஆளுங்களா?" என்றார். பெரியவர்களைக் கண்டால் இடுப்பை வளைத்துக் குனிய வேண்டும் என்றிருந்தது. பங்குச் சாமியாரைப் பார்த்துக் குனிந்தேன், அவர் எனக்கு வயிற்றுவலி என்று நினைத்து விசாரித்தார். எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும் என்றிருந்தது. அடிவாரத்திலிருந்து மேலே வரும் பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவில், கம்பியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கண்டக்டரிடம் காசை நீட்டினேன். அடுத்த கணம் பலாப்பழம் வைத்திருந்த ஒரு அம்மாள் மடியில் இருந்தேன். பலாப்பழமும் அங்கேதான் இருந்தது.

அப்பாவுக்குப் பொறுமை தீர்ந்துகொண்டே வந்தது. திண்டுக்கல்லிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையன் பள்ளிக்கூட வாத்தியார், நல்ல குடும்பம். எனக்கோ வேலைக்குப் போக வேண்டும். அப்போதுதான் காப்பிக்கொட்டையை எஸ்டேட்காரர்களே நேராக வெளிநாட்டுக்கு விற்க வழி திறந்திருந்தது. எங்கள் முதலாளி எங்கெங்கோ மாதிரிக் கொட்டை அனுப்பி வைத்ததில், ஜப்பானிலிருந்து நிஷிமுரா என்பவர் நேரில் பார்க்க வருவதாக எழுதியிருந்தார். அவருக்கு ஆங்கிலம் நாலைந்து வார்த்தைக்கு மேல் வராது. முதலாளிக்கு ஜப்பானிய மொழியில் அந்த நாலைந்துகூட வராது. அப்பாவைக் கூப்பிட்டு, "ரைட்டர், உங்க பொண்ணு என்னமோ ஜப்பான் பாஷை படிக்குதாமா. வரச் சொல்லுங்க. ஆளு திருப்தியாப் போனாருன்னா ஆபீஸ்ல அதுக்கு ஒரு சீட்டுப் போட்டுக் குடுத்தர்றேன்" என்றார்.

அப்பா வீட்டுக்கு வந்து என்னிடம் ஒப்பந்தம் போட்டார். "இது நடந்துச்சுன்னா நீ வேலைக்குப் போ கண்ணு, நா ஒண்ணுஞ் சொல்லல. நடக்கலீன்னா திண்டுக்கல்லுக்குச் செரின்னு எழுதிப் போட்டர்றேன்."

"செரிங்கப்பா" என்றேன். அப்போதே என்னை ஆபீஸ் நாற்காலியில் பார்த்துவிட்டேன்.

வெறும் பேச்சோடு வரவேற்பு முடியக் கூடாது, அவர் ஊர் முறைப்படியே அசத்திவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். பாடப் புத்தகத்தில் ஒரு புகைப்படம் இருந்தது. திறப்பு விழா ஒன்றில் விருந்தினரை வரவேற்கும் காட்சி. சுவரை மறைத்து நீளமான துணித்திரை, அதில் மேலிருந்து கீழாக அகலப் பட்டைகள், ஒன்று கருப்பு, ஒன்று வெள்ளை. இரண்டு பக்கமும் தாங்கிகளில் வெள்ளை வெளேரென்று சாமந்தி மாதிரிப் பூ. முன்னால் வரிசையாக ஆட்கள் குனிந்து நிற்கிறார்கள். மங்கல நிகழ்ச்சிகளில் இப்படித் திரை கட்டுவது வழக்கம் என்று கீழே தெளிவாக எழுதியிருந்தது. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

கடைத்தெருவில் கரீம் பாய் துணிக்கடை வைத்திருந்தார். தையல் மிஷினும் அவரே மிதிப்பார். கருப்புத் துணியும் வெள்ளைத் துணியும் இத்தனை கெஜம் வேண்டும், பட்டை பட்டையாகச் சேர்த்துத் தைக்க வேண்டும் என்றதும் அவர் மிஷினை நிறுத்திவிட்டார்.

"ஏங் கண்ணு, ஊட்ல எல்லாரும் சௌக்கியந்தானே?"

"சௌக்கியந்தாங்க பாய். இது விருந்தாளிய வரவேற்கறதுக்குங்க."

"வரவேற்கறதுக்குக் கருப்பா? நல்ல ரோஸ் கலரு வந்திருக்குது, பாக்கறயா?"

நான் புத்தகத்தைத் திறந்து காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "படத்துல அப்பிடித்தான் இருக்குது" என்று ஒப்புக்கொண்டு கத்தரிக்கோலை எடுத்தார். அப்பாவும் அன்று இரவு, "கருப்பு ஆகாதே சாமி" என்று இழுத்தார். "அது நம்மூருக்குங்கப்பா, அவங்கூருல இதுதாங்க மங்களம்" என்று அவரையும் புத்தகத்தால் அடக்கினேன். எனக்காக எத்தனை பேர் நல்லது சொன்னார்கள் என்று இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. ஒருத்தர் பேச்சையாவது கேட்டிருக்கலாம்.

விருந்தாளி வரும் நாள் காலையிலேயே முதலாளி சேலம் ரயிலடிக்குக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் பங்களா முகப்பு முழுக்கத் திரையைக் கட்டினேன். சேலம் பூமார்க்கெட்டிலிருந்து வெள்ளைச் சாமந்தியாகவே தேடி வாங்கி வரச் செய்து இரண்டு பக்கமும் வட்டமாக நிறுத்தினேன். எஸ்டேட் ஆட்களை வெள்ளை உடுத்தி வரச் சொல்லி வரிசையில் நிறுத்தி, இடுப்பு வரை குனியப் பழக்கினேன். ஜப்பானியர்கள் புது ஆள் முன்னால் பல்லைக் காட்டிச் சிரிக்க மாட்டார்கள் என்று புத்தகத்தில் இருந்தது. அதனால் யாரும் சிரிக்கக் கூடாது, பேசக் கூடாது, தரையைப் பார்க்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவர்களும் அப்படியே நின்றார்கள். பனி வேறு இறங்கிக்கொண்டிருந்தது.

கார் வந்து நின்றது. நிஷிமுரா இறங்கினார். அறுபது வயதிருக்கும், ஒல்லியான மனிதர், வளைவுகளில் சுற்றி வந்ததில் முகம் வெளிறியிருந்தது. திரையைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். மெதுவாகத் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு, நான் இதுவரை புத்தகத்தில்கூடப் பார்த்திராத அளவுக்குத் தாழக் குனிந்தார். நிமிர அவருக்கு நேரம் பிடித்தது. ஆகா, ஆளை அசத்திவிட்டோம் என்று எனக்குச் சிலிர்த்துப்போயிற்று.

பிறகு தணிந்த குரலில் முதலாளியைப் பார்த்து என்னமோ சொன்னார். ஒரு வார்த்தைகூட என் பாடத்தில் வந்ததில்லை. புரியவில்லை என்று சொல்வதற்கு நான் என்ன பைத்தியமா? மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன். தமிழில் சொன்னால் அது இப்படி: "இன்று எங்களுக்கு மிகவும் மகிழ்ச்சியான நாள். வெகுகாலமாக இதற்காகத்தான் காத்திருந்தோம்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். முதலாளியையும் பார்த்தார். முதலாளி நான் ஏதோ நன்றாகச் சொல்லிவிட்டேன் என்று வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தார்.

அடுத்து அவர் கேட்டது எனக்குப் புரிந்தது. முதலாளியின் மனைவி எங்கே என்று கேட்டார். முதலாளியம்மா அப்போது சமையல்கட்டில் வடை சுட்டுக்கொண்டிருந்தார். அதை அப்படியே சொன்னால் நாகரிகமாக இருக்காது என்று பட்டது. நம் பக்கத்து ஆட்களைப் பற்றி அயலாரிடம் எப்போதும் தாழ்த்தியே பேச வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அதற்கென்றே ஒரு பாடம் இருந்தது. ஆகவே மிகுந்த பணிவோடு, "அவர் தங்கள் முன் வரக்கூடிய நிலையில் இல்லை" என்றேன்.

நிஷிமுரா கண்களை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் காப்பி குடிக்கவில்லை. உலர்களத்தைப் பார்க்கவும் மறுத்தார். விலை பற்றிப் பேச முதலாளி வாயெடுத்தபோது, இப்போது வேண்டாம் என்று கையால் தடுத்தார். தனக்கு ஓர் அறையும் ஒரு சின்னத் தட்டில் கொஞ்சம் தண்ணீரும் வேண்டும் என்று என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டார். முதலாளி வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"ஏனுங்க ரைட்டர், உங்க பொண்ணு அவருகிட்ட என்னத்தச் சொல்லித் தொலைச்சுது?"

"நல்லதுதானுங்க சொல்லீருக்கும்" என்றார் அப்பா. குரலில் திண்டுக்கல் கேட்டது.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. கருப்புக் கோட்டைக் கழுத்துப் பொத்தான் வரை பூட்டிக்கொண்டு வந்தார் நிஷிமுரா. கண் சிவந்திருந்தது. மடித்த வெள்ளைக் காகிதம் ஒன்றை இரண்டு கையாலும் முதலாளியிடம் நீட்டிக் குனிந்தார். ஆர்டரைக் கைப்படவே எழுதிக் கொடுத்துவிட்டார் என்று நினைத்த முதலாளி அதை இரண்டு கையாலும் வாங்கி, "தேங்க்யூ, தேங்க்யூ! வெரி ஹேப்பி! வெரி வெரி ஹேப்பி!" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினார்.

சரியாக அந்த நேரத்தில்தான் முதலாளியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"ஏனுங்க, அவரு சாப்புட வருவாருங்களா, மாட்டாருங்களா? எல்லாம் ஆறி அவலாப் போச்சு!"

முதலாளி பெருமையோடு, "மை வைஃப்!" என்றார்.

நிஷிமுராவுக்குப் பின்னால் நாற்காலி இருந்தது அவருடைய நல்ல நேரம். பொத்தென்று உட்கார்ந்தார். முதலாளியம்மாவைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடியும் முதலாளியம்மாவைப் பார்த்தார். திரைக்கு என்ன அர்த்தம் என்று என்னிடம் கேட்டார். நான் பெருமையாகப் புத்தகத்தை எடுத்து வந்து அவர் மடியில் விரித்து, உங்கள் ஊர் முறைதான் என்றேன். அவர் அந்தப் படத்தைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு அப்பாவின் சட்டைப் பையைச் சுட்டிக் காட்டினார். அப்பா குழப்பத்தோடு நீலப் பேனாவைக் கொடுத்தார். அவர் தலையை அசைத்துச் சிவப்புப் பேனாவைக் கேட்டு வாங்கினார்.

படத்தில் இருந்த கருப்புப் பட்டைகளை அவர் ஒவ்வொன்றாகச் சிவப்பாக்கினார். சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை. அதைத் தட்டிக் காட்டிப் புன்னகை செய்தார். பிறகு நான் கட்டிய திரையைக் காட்டி, இரண்டு கையையும் கூப்பி, கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்தார்.

அந்தச் சைகைக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. வரிசையில் நின்ற ஆட்களுக்குக்கூடப் புரிந்துவிட்டது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த சிரிப்பை யாரோ ஒருத்தி விட, வரிசையே கலைந்துபோயிற்று.

நடந்தது இவ்வளவுதான். புத்தகம் கருப்பு வெள்ளையில் அச்சிட்டது. அசலில் சிவப்பாக இருந்த பட்டை அதில் கருப்பாக விழுந்திருந்தது. சிவப்பும் வெள்ளையும் அவர்களுக்குக் கல்யாணம், கருப்பும் வெள்ளையும் இழவு. வெள்ளைச் சாமந்தியும் இழவுப் பூதானாம். இழவு வீட்டு வாசலில் நின்றுகொண்டு, இதற்காகத்தான் காத்திருந்தோம் என்று ஒரு பெண் சொல்கிறாள். வீட்டு எஜமானர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். எஜமானி முன்னால் வரக்கூடிய நிலையில் இல்லை. அந்த மனிதர் எங்களைப் பற்றி என்ன நினைத்திருப்பார்! வெட்கத்தில் அந்தச் சாமந்தி வளையத்துக்குள்ளேயே தலையை விட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

முதலாளி கத்த ஆரம்பித்தார். "உசுரோட இருக்கறவளுக்குக் கருமாதி பண்ணி வெச்சிருக்குது உங்க பொண்ணு! இனி இந்தப் பக்கம் அதப் பாக்கக் கூடாது, சொல்லிப்போட்டேன்!"

அப்பா தலையைக் குனிந்து நின்றார். அதுவரை அவர் எனக்காக யாரிடமும் திட்டு வாங்கி நான் பார்த்ததில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"சித்த இருங்க" என்றார் முதலாளியம்மா. "அவரு குடுத்த காயிதத்துல என்ன எழுதியிருக்குது?"

அவர் கேட்பது தான் கொடுத்த காகிதத்தைப் பற்றி என்று நிஷிமுராவுக்குப் புரிந்துவிட்டது. பதறிப்போய்க் காகிதத்தைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார். அதற்குள் முதலாளியம்மா கணவர் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டார். "எனக்குத்தானே எழுதுனது? நா கேக்காம வேற யாரு கேக்கறது? நீ படி கண்ணு."

தூரிகையால் எழுதிய அழகான எழுத்து. மை மட்டும் வெளிறிப்போய்ச் சாம்பலாக இருந்தது. அவரிடம் மை தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். துக்கத்துக்கு எழுதும்போது கண்ணீர் விழுந்து கரைந்தது போல மையில் தண்ணீர் கலப்பார்கள் என்று பின்னால்தான் தெரிந்தது. எனக்கு அதில் பாதி எழுத்து தெரியவில்லை. நிஷிமுரா நெளிந்துகொண்டே எளிய வார்த்தைகளில் ஒவ்வொரு வரியாக விளக்க, நான் தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னேன்.

"கொட்டையெல்லாம் உங்கள் மனைவி பார்வையில், கையாலேயே பொறுக்கியது என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். நான் முப்பது வருடமாகக் காப்பி விற்கிறேன். நீங்கள் அனுப்பியதில் ஒரு சொத்தைகூட இல்லை. இவ்வளவு அக்கறையுள்ள கை எப்படி இருக்கும் என்று என் கடையில் நாங்கள் பேசிக்கொண்டோம். விலை பேசுவதை விட, அந்தக் கைக்கு நன்றி சொல்லத்தான் கடல் தாண்டி வந்தேன். தாமதமாகிவிட்டது. மன்னியுங்கள்."

படித்து முடித்தேன். முதலாளியம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலிடுக்கில் வடை மாவு காய்ந்திருந்தது. தினமும் உலர்களத்தில் பெண்களோடு உட்கார்ந்து கண் வலிக்கப் பொறுக்கியவர் அவர்தான். அதை வெளிநாட்டுக்கு எழுதிய முதலாளி, வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை.

"கல்யாணமாகி வந்து இத்தன வருசத்துல," என்றார் முதலாளியம்மா கணவரைப் பார்த்து, "இப்பிடி ஒரு வார்த்த உங்க வாயில வந்திருக்குதுங்களா?"

முதலாளி திரையை அவிழ்க்கச் சொல்லி ஆட்களைக் கூப்பிட்டார்.

"மனுசன் செத்தாத்தான் நாலு நல்ல வார்த்த சொல்லுவாங்க. எனக்கு உசுரோட இருக்கறப்பவே கேக்கக் குடுத்து வெச்சிருக்குது. நொம்ப சந்தோசம். எல்லாம் இந்தப் புள்ளையினாலதான். நாளையில இருந்து இது ஆபீஸுக்கு வரட்டும். நீங்க சொன்ன சொல்லு மாறாதீங்க." நிஷிமுரா பக்கம் திரும்பி, "வாங்க, வட ஆறுனாலும் நல்லாத்தான் இருக்கும்" என்றார். அவரும் புரிந்துகொண்டது போல எழுந்து போனார். ஆறு வடை சாப்பிட்டார்.

ஆர்டர் வந்தது. பெரிய ஆர்டர் இல்லை, ஆனால் வருடா வருடம் வந்தது. அப்பா திண்டுக்கல்லுக்கு, யோசித்துச் சொல்கிறோம் என்று எழுதிப் போட்டார். அந்த ஆபீஸ் நாற்காலியிலேயே உட்கார்ந்து எனக்குத் தலையும் நரைத்துவிட்டது. எங்கள் வீட்டில் யாராவது யாரையாவது கொஞ்சம் அதிகமாகப் புகழ்ந்துவிட்டால் போதும், அப்பா செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமலே, "எப்ப எடுக்கறாங்களாம்?" என்று கேட்பார். என் மகள் பள்ளியில் முதல் பரிசு வாங்கி, தலைமையாசிரியை மேடையில் அவளை வானளாவப் பாராட்டியபோதும் பக்கத்து நாற்காலியில் இருந்து இதையேதான் கேட்டார். முன்வரிசையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

முதலாளியம்மா அந்தக் காகிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பங்களாக் கூடத்தில் மாட்டிவிட்டார். புதிதாக வரும் ஜப்பான்காரர்கள் அதன் முன் நின்று படிப்பார்கள். படித்ததும் முகம் வாடிவிடும், தொப்பி இருந்தால் கழற்றுவார்கள், தாழக் குனிந்து வணங்குவார்கள். யாருக்காக எழுதியது என்று மெதுவாக என்னிடம் கேட்பார்கள். பின்னால் காப்பித் தட்டோடு நின்றிருக்கும் முதலாளியம்மா, நான் வாயைத் திறக்கும் முன்பே முந்திக்கொண்டு, "எனக்குத்தானுங்க. மொதல்ல இதக் குடிங்க, ஆறிப்போயிரும்" என்பார்.